நீலத் தண்ணீர் குடித்த குட்டி

பிள்ளை, நலம் விசாரித்து இந்தக் கடிதத்தைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. சுகமாக இருக்கிறாயா என்று நான் கேட்டபோதெல்லாம் நீ "ஓம் அம்மா" என்றாய். நானும் அதைக் கேட்டுக்கொண்டு அடுத்த கதைக்குப் போய்விட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நெடுந்தீவில் நடந்ததைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வியே எனக்கு வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து ஒரு கிழமையாகிறது. அதிர்ச்சி இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்பேன், அந்தக் குதிரைக்குட்டியின் நீல வாய் கண்முன்னே வரும், பால் பொங்கி ஊற்றிவிடும். அப்பா இரண்டு தரம் வந்து பார்த்து, "உமக்கு என்னப்பா நடந்தது?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவருக்குச் சொன்னேன், கடைசியில் அதையும் எழுதுகிறேன். உன்னிடம் போனில் சொல்ல ஏலாது. போனில் நீ இரண்டு சொல் பேசுவாய், மிச்சத்தை நான் பேசித் தள்ளிவிடுவேன். என் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். எழுதினால்தான் நானும் கொஞ்சம் பேசாமல் இருப்பேன்.

உன் குதிரைப் பைத்தியம் எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை. இணுவிலில் எங்கள் ஒழுங்கையில் மாடு இருக்கிறது, ஆடு இருக்கிறது, விரும்பினால் வரைய ஆயிரம் காகம் இருக்கிறது. உனக்கு மட்டும் குதிரை வேண்டும். அது எங்கே தொடங்கியது என்று யோசித்துப் பார்த்தேன். நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த காலம். கோயிலில் வேட்டைத் திருவிழா. மரக்குதிரை வாகனத்தில் சுவாமி வந்து கொண்டிருந்தார். எல்லோரும் சுவாமியைப் பார்த்துக் கையெடுக்க, நீ குதிரையின் வாயைப் பார்த்தபடி நின்றாய். "அம்மா, அதுக்கு ஏன் வாய் திறந்தபடி இருக்கு?" என்று கேட்டாய். ஓடி வந்த களை என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அடுத்த நாள் வாகனசாலைக் கதவடியில் ஒரு சிரட்டையில் தண்ணீர் இருந்தது. ஐயர் சிரித்துச் சிரித்து அப்பாவிடம் சொன்னார். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் ஊரில் உனக்குப் பெயரே "குதிரைக்குத் தண்ணி வைச்ச பிள்ளை". நானும் அதைச் சொல்லிச் சொல்லி உன்னைப் பகிடி பண்ணியிருக்கிறேன். மரக்குதிரைக்குத் தாகம் என்று நினைத்த பிள்ளையைப் பெற்ற நான், உயிருள்ளதின் தாகத்தைப் பார்த்து என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

உன் குதிரை வரையும் நாட்களைப் பற்றியும் நான் பகிடியாகத்தான் பேசி வந்தேன். கொழும்பில் ஒரு விளம்பரக் கம்பனியில் இருந்து படம் போட்டுக்கொண்டிருந்தவள், குதிரையில் விருப்பமுள்ள வேறு ஆட்களையும் தேடிப் பிடித்து, வருஷத்தில் சில ஞாயிறுகள் நெடுந்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினாய். வெயிலில் காய்ந்து, கடலில் நனைந்து, அந்தத் தீவு வெளியில் தன்பாட்டில் திரியும் கட்டைக்கால் மட்டக்குதிரைகளைப் பார்த்துப் படம் கீற இவ்வளவு பேர் வருவார்கள் என்று நான் நினைக்கவேயில்லை. இந்த முறை நீ என்னையும் வரச்சொல்லி விடாப்பிடியாக நின்றாய். "கலியாணத்துக்கு முதல் இதுதான் கடைசித் தரம் அம்மா, வாங்கோவன்" என்றாய். நான் கல்யாண வேலையெல்லாம் தலைக்கு மேலே கிடக்கிறது என்று முறைத்தேன். பிறகு, பிள்ளை ஆசைப்படுகிறது, போனால் என்ன என்று வந்தேன். அதுவும் ஆசை என்றுதான் நினைத்தேன். என் கண்ணுக்கு எல்லாமே ஆசையாகத்தான் தெரிந்திருக்கிறது.

குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளம் வரும்வரை நீ எல்லோரையும் நிற்பாட்டி உன் சட்டங்களைச் சொன்னாய். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது, என் வயது ஆட்களும் உன் வாயைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். "கிட்டப் போகக்கூடாது. கூப்பிடக்கூடாது. ஒண்டும் குடுக்கக்கூடாது. அதுகள் வந்தால் வரட்டும், போனால் போகட்டும், நாங்கள் கீறுறது மட்டும்தான். பிரஷ் கழுவின தண்ணியை நிலத்தில ஊத்தக்கூடாது, திரும்பக் கொண்டு வரவேணும்." நல்ல சட்டங்கள். இப்போதும் நல்ல சட்டங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த "ஒண்டும் குடுக்கக்கூடாது" என்ற சொல் எங்கள் எல்லோருடைய கையையும் எப்படிக் கட்டிப்போட்டது என்று பார்த்தாய்தானே.

வள்ளத்தில் சோளகக் காற்று வாரி அடித்தது, சேலையெல்லாம் உப்பு. தீவில் இறங்கி உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி, முருகைக்கல் அடுக்கிய வேலிகளைத் தாண்டி, அந்தப் பெரிய வெளிக்குப் போய்ச் சேர்ந்தபோது இடுப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வெளி முழுக்கக் கருகிய புல். வழியில் ஒரு குளம் வந்தது. அடியில் வெடித்த சேற்றைத் தவிர ஒன்றும் இல்லை. அதைப் பார்த்து உழவு இயந்திரக்காரர், "இந்த முறை மழை ஏமாத்திப் போட்டுது" என்றார். நானும் "ஓம், எங்கடை பக்கமும் கிணறு வத்திப்போச்சு" என்று பதில் சொன்னேன். பிள்ளை, இதைக் கவனமாக வாசி. குளம் வற்றியதைக் கண்ணால் கண்டேன், வாயாலும் சொன்னேன். அந்தக் குளத்தில் யார் தண்ணீர் குடிப்பார்கள் என்ற ஒரு நினைவு எனக்கு வரவில்லை. எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் வரவில்லை. நாங்கள் வந்தது குதிரையின் வடிவைப் பார்க்க.

எனக்கும் தாள் செருகிய ஒரு மட்டையும் பென்சிலும் தந்து ஒரு பனைநிழலில் இருத்தினாய். நான் கீறியது குதிரையா நாய்க்குட்டியா என்று கேட்டு நீ சிரித்தாய். எனக்குப் பக்கத்தில் அந்தத் தொப்பிக்காரர், வங்கியில் மனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். பெரிய தூரிகையால் வானம் பூசிக்கொண்டிருந்தார், அவர் தூரிகை கழுவிய ஐஸ்கிறீம் பெட்டித் தண்ணீர் நல்ல நீலமாகிவிட்டது. கூட்டமாக நின்ற குதிரைகள் தூரத்தில் கோடு மாதிரித் தெரிந்தன. ஆனால் கல்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தாய்க்குதிரை தனியே நின்றது. தலை குனிந்தபடி, வாலைக்கூட அசைக்காமல், காலையில் நாங்கள் போனபோது நின்ற மாதிரியே நின்றது. அதைக் கண்டு எல்லோருக்கும் புளுகமும் சந்தோஷமும். கொழும்பிலிருந்து வந்த அந்தக் கண்ணாடிப் பெண் என்னிடம், "அன்ரி, இப்பிடி ஆடாமல் அசையாமல் ஒரு குதிரை நிண்டு நான் காணேல்லை. இண்டைக்கு எங்கடை அதிர்ஷ்டம்" என்றாள். குதிரை வரைகிறவர்களுக்கு இருக்கும் பெரிய கரைச்சல் அது நிற்காமல் ஓடுவதுதானாம். ஓடாமல் நின்றதும், அது ஏன் நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க எங்கே நேரம், எல்லோரும் அதன் கழுத்து வளைவைச் சரியாகப் பிடிக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். விலா எலும்புகளின் நிழலைக்கூட ஒருவர் விடாமல் கீறினார். நல்ல வடிவாகக் கீறினார், நானே பாராட்டினேன்.

பிறகுதான் குட்டி வந்தது. கல்வேலி உடைந்து கிடந்த இடத்தால் வெளியே வந்து, நின்று, எங்களைப் பார்த்து, நேராக நடந்து வந்தது. எல்லோருக்கும் மூச்சு நின்றுவிட்டது. ஒருநாளும் அதுகள் கிட்ட வராது என்று நீதான் சொல்லியிருந்தாய். அது மனேஜர் ஐயாவிடம் வந்து, அவருடைய முழங்காலை மோந்து பார்த்து, ஐஸ்கிறீம் பெட்டிக்குள் வாயை வைத்துக் குடிக்கத் தொடங்கியது. அவர் சிலைபோல இருந்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது. "என்னை நம்பி வந்திருக்குது" என்று உதடு அசையாமல் சொன்னார். கண்ணாடிப் பெண் நெஞ்சில் கைவைத்தாள். யாரோ மெதுவாகப் போனைத் தூக்கினார்கள். நீலத் தண்ணீரைக் குடித்து முடித்து, அது அடுத்தவரின் பச்சைத் தண்ணீருக்குப் போனது. அதற்கடுத்து மண்ணிறத் தண்ணீர். ஒவ்வொருவரும் இப்போது என்னிடம் வராதா என்று தங்கள் பெட்டியைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினார்கள். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன், பிள்ளை. கை தட்டக்கூடாது என்பதால் தட்டாமல் இருந்தேன், அவ்வளவுதான். மனத்துக்குள்ளே, என்ரை பிள்ளையின்ரை நல்ல மனசுக்குத்தான் இந்தக் காட்டுச் சீவனும் கிட்ட வருது என்று பெருமைப்பட்டேன்.

கடைசிப் பெட்டியையும் அது காலியாக்கியது. காலியான பிறகும் விடவில்லை. நாக்கால் பெட்டியின் அடியை நக்கியது. பெட்டி நகர, அதுவும் பின்னாலே நகர்ந்து நக்கியது. அந்தப் பிளாஸ்டிக் கல்லில் உரசிய சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. அப்போதுதான் நீ எழும்பினாய். உன் மட்டை விழுந்ததைக்கூட நீ பார்க்கவில்லை. "அது தண்ணிக்கு வந்தது. எங்களைப் பாக்க வரேல்லை, தண்ணிக்கு வந்தது" என்றாய். சத்தம் போட்டுச் சொல்லவில்லை, ஆனால் அந்தக் குரல் நான் உன்னிடம் முன்பு கேளாத குரல். சாப்பாடு கொண்டுவந்த பெரிய சட்டியைத் தூக்கிப் புட்டு முழுவதையும் மூடியில் கவிழ்த்தாய். குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர்க் கானைத் திறந்தாய். மனேஜர் ஐயா, பாவம், "பிள்ளை, நீர்தானே ஒண்டும் குடுக்கக்கூடாதெண்டு சொன்னனீர்" என்றார். நீ அவரைப் பார்த்து, "நான் சொன்னது பிழை ஐயா. அந்தச் சட்டியைப் பிடியுங்கோ" என்றாய்.

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்குப் பாதிதான் நினைவு. குட்டி சட்டிக்குள் தலையை விட்டு முழுகிக் குடித்தது. அதன் மூக்கும் உதடும் நீலம். மனேஜர் ஐயா சாயக்குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த நீலத்தில என்ன கலந்திருக்கோ தெரியேல்லை, எழுத்துச் சின்னனாக் கிடக்கு, ஆராவது வாசியுங்கோ" என்று ஒவ்வொருவரிடமும் காட்டினார். நீ கானையும் சட்டியையும் தூக்கிக்கொண்டு கல்வேலிக்குப் போனாய். நானும் பின்னால் வந்தேன். அந்தத் தாய்க்குதிரையைக் கிட்டத்தில் பார்த்தேன். அது நிற்கவில்லை, பிள்ளை. விழாமல் இருந்தது, அவ்வளவுதான். கண் குழி விழுந்து, உதடு காய்ந்து, பல்முரசு வெளிறிக் கிடந்தது. கை என்னையறியாமல் போய் அதன் கழுத்துத் தோலைக் கிள்ளியது. கிள்ளிய தோல் கிள்ளிய மாதிரியே நின்றது.

உனக்குத் தெரியும், என் தாதி உத்தியோகக் காலம் முழுவதும் பிள்ளைகள் வார்டில்தான். வயிற்றோட்டத்தோடு கொண்டுவரும் பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி, அது திரும்புகிற வேகத்தைப் பார்த்தே டொக்டர் வருமுன் சேலைன் ஆயத்தப்படுத்தியவள் நான். பிள்ளை அழாமல் பேசாமல் கிடக்கிறது, நல்ல அமைதி என்று சொல்லும் தாய்மாரை எத்தனை தரம் ஏசியிருக்கிறேன். "அழுற பிள்ளைக்குப் பயமில்லை, அழாத பிள்ளையைப் பாருங்கோ" என்று வார்டு அதிரக் கத்தியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் காலை முழுவதும் பனைநிழலில் இருந்து, அசையாமல் நின்ற அந்தச் சீவனைப் பார்த்து, நல்ல வடிவாக நிற்கிறது என்று சொன்னேன். இதை நினைக்கத்தான் எனக்குத் தலை சுற்றுகிறது. தெரியாதவர்கள் செய்தால் பரவாயில்லை. தெரிந்த கண்ணுக்கு எப்படித் தெரியாமல் போனது? பென்சிலும் மட்டையும் கையில் இருந்ததும் நானும் பார்க்க வந்தவளாகிவிட்டேன்.

உழவு இயந்திரக்காரர் எங்கேயோ போன் அடித்து, மத்தியானம் தாண்டித் தண்ணீர் பவுசர் லொறி வந்தது. அதுவரைக்கும் எங்கள் தண்ணீர் முழுவதையும், போத்தல் போத்தலாக, அந்தத் தாய்க்குதிரையின் வாயடியில் நீ ஊற்றினாய். முதலில் அது குடிக்கவில்லை. குடிக்கவும் மனமில்லாமல் நின்றது. நீ கையை நனைத்து உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். பிறகு ஒரு வாய், பிறகு இன்னொரு வாய். பவுசர் வந்து, வேலியடியில் காய்ந்து கிடந்த தொட்டி நிரம்பிய பிறகு அது தானாக நடந்து போய்க் குடித்தது. வெயில் தாழ, குட்டியும் தாயும் எங்களைத் திரும்பிப் பாராமல் கூட்டத்தை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போயின. குட்டியின் வாய் அப்போதும் நீலம். வழக்கமாகக் கடைசியில் எல்லோருடைய படங்களையும் கல்வேலியில் வைத்து, காற்றுக்குப் பறக்காமல் மூலைக்கு மூலை கல் வைத்து, வரிசையாகப் பார்த்துக்கொண்டு போவீர்களாம். அன்று ஒருவரும் தாளை வெளியே எடுக்கவில்லை. அதுகள் ஓடிப் போனதுதான் அன்றைக்கு நான் கண்ட வடிவான காட்சி. அதைக் கீற ஒருவருடைய கையிலும் பென்சில் இருக்கவில்லை, எல்லோருடைய கையிலும் வெறும் போத்தல்.

இனித்தான் நான் உனக்கு எழுத வந்த விஷயம். திரும்பி வரும்போது வள்ளத்தில் நீ என் பக்கத்தில் இருந்தாய். மற்றவர்கள் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்கள். நீ அழவில்லை. கடலைப் பார்த்தபடி, "ஆசையில வந்ததெண்டு எல்லாரும் நினைச்சினம், பாவம்" என்றாய். நான் ஓமென்று தலையாட்டினேன். பிறகு நீ, "வாய் திறந்து கேக்கத் தெரியாததுகள் வேறை என்ன செய்யிறது அம்மா? கிட்ட வந்துதான் நிக்கும்" என்றாய். சொல்லிவிட்டு என் தோளில் தலையைச் சாய்த்தாய். தோளில் விழுந்த அந்தத் தலைக்குப் பாரமே இல்லை. உன் கழுத்தெலும்பைப் பார்த்தேன்.

அப்போதுதான் எனக்கு உன் சனிக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் மட்டும் வீட்டுக்கு வந்து போன பிள்ளை நீ. உன் கல்யாணப் பேச்சு முற்றாகி, மோதிரம் மாற்றிய நாளிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் பஸ் ஏறி, சனி விடிய வாசலில் நிற்கத் தொடங்கினாய். "என்ன பிள்ளை திடீரெண்டு?" என்றால், "சும்மா வந்தனான் அம்மா" என்பாய். கைகழுவிவிட்டுக் குசினியில் என் காலடியில் திருவலைப் பலகையில் வந்து இருப்பாய். தேங்காய் திருவவும் மாட்டாய், எழும்பவும் மாட்டாய். போன் அடித்தால் குப்புறக் கவிழ்த்து வைப்பாய். நான் அடுத்த வீட்டு அக்காவிடம், "கலியாணம் முடிஞ்சு லண்டனுக்குப் போகப்போறாள், அம்மாவை விட்டுப் போக மனமில்லை, கிழமைக்குக் கிழமை ஓடி வாறாள்" என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உளுந்து வடை சுட்டேன். சேலைப் பெட்டியை விரித்தேன். தையல்காரப் பிள்ளை உன் கூறைச் சேலைச் சட்டையை இரண்டாம் தரமும் பிடித்துத் தைக்க வேண்டும், அளவு குறைந்துபோயிற்று என்றபோது, கலியாணக் களை என்று சொல்லிச் சிரித்தவளும் நான்தான். ஒரு சனிக்கிழமை நீ, "அம்மா, கலியாணம் எண்டால் கட்டாயம்..." என்று தொடங்கினாய். அந்த நேரம் மண்டபக்காரர் எனக்குப் போன் எடுத்தார். நான் அவரோடு சாப்பாட்டுப் பந்தி எத்தனை என்று கதைத்து முடித்து வந்து, "என்ன பிள்ளை சொன்னனி?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை அம்மா" என்றாய். "எல்லாப் பொம்பிளைப் பிள்ளையளுக்கும் கலியாணத்துக்கு முதல் பயம் இருக்கும்" என்று உன் கன்னத்தில் தட்டிவிட்டுப் போய்விட்டேன். பிள்ளை, அந்தப் பயத்தைப் பற்றி நீ ஒரு சொல்லும் சொல்லவில்லையே. நானே கேள்வியும் வைத்து நானே பதிலும் வைத்தேன்.

உனக்கு என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. அந்த லண்டன் மாப்பிள்ளையில் ஏதும் குறை கண்டாயா, அவன் போனில் ஏதும் கதைத்தானா, நாடு விட்டுப் போக மனமில்லையா, வேறு யாரையும் மனதில் வைத்திருக்கிறாயா, ஒன்றும் தெரியாது. இத்தனை சனிக்கிழமை என் காலடியில் இருந்த பிள்ளைக்கு என்ன என்று எனக்குத் தெரியாது என்பதுதான் என்னை உலுப்புகிறது. ஒருவேளை ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் என்னை நன்றாக ஏசிப்போட்டுச் சிரி, நானும் சிரிக்கிறேன். ஆனால் உனக்குத் தலைகீழாக நின்றாவது ஒன்றைச் சொல்லி வைக்க வேண்டும். நாளைக்கு உனக்கும் பிள்ளை குட்டி வரும், சிநேகிதர் வருவார்கள், புருஷன் என்று ஒருவர் வரக்கூடும். வழக்கமில்லாமல் ஒருவர் உன்னிடம் நெருங்கி வந்து நின்றால் உடனே பெருமைப்பட்டுவிடாதே. கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, அவர் வாயைப் பார், கண்ணைப் பார். தாகமா என்று கேள். கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. இந்தக் கடைசி விஷயம் எனக்கே இனித்தான் பழக வேண்டும்.

ஞாயிறு இரவே உன்னிடம் கேட்டிருக்கலாம். நீ நேரே கொழும்பு பஸ்ஸில் ஏறிவிட்டாய், நானும் வெள்ளிக்கிழமை பஸ் ஏறுவாய்தானே, அப்போது ஆறுதலாகக் கேட்போம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இந்த முறை வடை சுடவில்லை. சேலைப் பெட்டியைத் திறக்கவில்லை. சனிக்கிழமை விடிய எழும்பிக் கேற்றைத் திறந்து வைத்தேன். நீ வரவில்லை. போன் எடுத்தால், "வேலை கூடிப்போச்சு அம்மா, இனிக் கலியாணத்துக்கே வாறனே" என்றாய். குரலில் ஒரு குறையும் இல்லை. நல்ல அமைதி. அந்த அமைதியைக் கேட்டுத்தான் நான் பயந்து போனேன். குட்டிக்குப் பலம் இருந்தது, அது வந்தது. தாய்க்குதிரை வரவில்லையே, பிள்ளை. அது வருகிற கட்டத்தைத் தாண்டி நின்றது.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கல்யாண விஷயத்தில் எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியும், தாலிப் பொன்னுருக்குக்கு நாள் வைத்ததிலிருந்து கலண்டரைக் கண்ணில் ஒற்றாத குறை. குதிரைக் கதையைக் கேட்டார், சனிக்கிழமைக் கதையைக் கேட்டார். பிறகு எழும்பிப் போய், மேசையில் பெயர் எழுதிக் கொடுக்க வைத்திருந்த கல்யாண அட்டைப் பெட்டியைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தார். "பிள்ளை வாய் திறக்கும்வரைக்கும் உது அங்கை கிடக்கட்டும். குடுத்த அட்டைக்கு நான் வீடு வீடாய்ப் போய்ப் பதில் சொல்லுவன், அது என்ரை வேலை" என்றார். மண்டபமும் ஊரும் லண்டன்காரரும் எங்கள் இரண்டு பேருடைய பாடு. அதை நினைத்து நீ ஒரு சொல்லையும் விழுங்க வேண்டாம். கல்யாணம் வேண்டும் என்றால் அதே அட்டையை அதே பெட்டியிலிருந்து இறக்கி, நான் பழையபடி ஊருக்குப் பெருமை அடிப்பேன். வேண்டாம் என்றால் வேண்டாம். ஏன் என்று சொல்ல மனம் இல்லாவிட்டால் அதுவும் வேண்டாம்.

இந்தத் தாள்களைப் படம் பிடித்து இப்போதே உன் போனுக்கு அனுப்புகிறேன். காலை ரயிலில் நான் வருகிறேன். உன்னை வரச்சொல்லி எழுதத்தான் முதலில் பேனையை எடுத்தேன். பிறகு கல்வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது நினைவுக்கு வந்தது. வா என்று கூப்பிட்டிருந்தால் அது வந்திருக்குமா? நீ அன்று கூப்பிடவில்லை, தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போனாய். அதை உன்னிடம்தான் படித்தேன். வந்து சேரும்போது மத்தியானம் தாண்டும். சமைத்து வைக்க வேண்டாம், வீட்டை அடுக்கி வைக்கவும் வேண்டாம். நீ கதைத்தால் கேட்பேன், கதைக்காவிட்டால் உன் காலடியில் நான் இருப்பேன், எத்தனை சனிக்கிழமை என்றாலும். எல்லாம் குடித்து முடித்த பிறகு, அந்தக் குட்டி மாதிரித் திரும்பிப் பாராமல் நீ ஓடிப் போகலாம். நான் குறை நினைக்கமாட்டேன்.

கதவை மட்டும் திறந்து விடு. அம்மா வாறன்.